காடு பார்க்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி - பதில்

சென்னையிலும் அதன் ஓரங்களிலும் உள்ள காடுகள், மரத் தோட்டங்கள், பூங்காக்கள் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

குரோம்பேட்டை வாசகி: எனக்கு 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். வண்டலூர் பலமுறை பார்த்தாயிற்று, "நிஜக் காட்டைக் காட்டு" என்கிறார்கள். கிண்டிக் காட்டுக்குள் நடக்க முடியுமா?

நினைத்த நேரத்தில் டிக்கெட் எடுத்து உள்ளே நடந்துவிட முடியாது. கிண்டி தேசியப் பூங்காவின் உட்பகுதிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். எல்லோருக்கும் திறந்திருப்பது சர்தார் படேல் சாலைப் பக்கம் உள்ள சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணையும்தான். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்களுக்கு ஞாயிறு என்பதால் பிரச்சினை இல்லை, கூட்டம்தான் பிரச்சினை. கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் இருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பறவைச் சத்தம் கேட்கும், மான்கள் நிழலுக்குப் போகாமல் வெளியே நிற்கும். 11 மணிக்கு மேல் பீப்பிச் சத்தம் மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: வெளிமானுக்கும் புள்ளிமானுக்கும் தலையில் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெளிமான் ஆணுக்கு இருப்பது கொம்பு. திருகிய, வளையம் வளையமான, கிளை பிரியாத கொம்பு. அது விழுவதே இல்லை. புள்ளிமான் ஆணுக்கு இருப்பது கிளைக்கொம்பு, பக்கத்துக்கு மூன்று முனை. அது ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மேலே வெல்வெட் துணி போர்த்தியது போல மெல்லிய தோல் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டால் அடுத்த அரை மணி நேரம் உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குக் கிளம்பி ஏமாறாதீர்கள், அன்று அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. வண்டலூருக்கே மறுபடி போவதானால் மிருகக் கூண்டுகளை மறந்துவிட்டு, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மரங்களுக்காகச் சுற்றிப் பாருங்கள். 602 ஹெக்டேர். கூண்டுகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுக்கப் புதர்க்காடுதான், யாரும் நின்று பார்ப்பதில்லை.

அண்ணா நகர் வாசகர்: கிண்டியில் காடு என்று சொல்கிறார்களே தவிர, ஓங்கி வளர்ந்த மரமே இல்லை. எல்லாம் முள்ளும் புதரும். அழிந்துபோன காட்டைத்தான் காடு என்று வைத்திருக்கிறார்களா?

நல்ல கேள்வி. நம்மில் பலருக்குக் காடு என்றால் டாப்ஸ்லிப்பும் வால்பாறையும்தான் கண்ணில் நிற்கும். சோழமண்டலக் கடற்கரையின் சொந்தக் காடு அப்படி இருக்காது. இதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். குட்டை மரம், நெருக்கமான கிளை, தடித்த சின்ன இலை, முள், கொடி எல்லாம் கலந்தது. அழிந்ததால் இப்படி ஆகவில்லை, இதன் உருவமே இதுதான்.

காரணம் மழை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதன்பிறகு ஜனவரி முதல் மே வரை பெரும்பாலும் வறட்சி. தேக்கு போன்ற மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். இந்தக் காட்டு மரங்கள் வேறு வழியில் போயின. இலையை உதிர்ப்பதில்லை. தோல் மாதிரித் தடிப்பான, மெழுகு பூசிய இலையை வைத்துக்கொண்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துப் பச்சையாகவே கோடையைத் தாண்டும். அதற்கு விலை, மெதுவான வளர்ச்சி. நீங்கள் புதர் என்று ஒதுக்கிய இடுப்பளவுத் தண்டுக்கு உங்கள் வயது இருக்கலாம்.

அடுத்த முறை இப்படிப் பாருங்கள். தரையில் கிடக்கும் காட்டு எலுமிச்சை இலையை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். ஊசியால் குத்தியது போல நூற்றுக்கணக்கான வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் எலுமிச்சை வாசம். நுனி லேசாக உள்வாங்கியிருக்கும். விளா மரத்தில் இலைக்காம்பு ஓரத்தில் சின்னச் சிறகு போல அகன்றிருக்கும், முள்ளும் உண்டு. களாவில் வெள்ளை நட்சத்திரப் பூ, இரட்டை முள், கிள்ளினால் பால். கிள்ளிப் பார்க்க வேண்டாம், தேசியப் பூங்காவில் எதையும் பறிப்பது குற்றம். கீழே கிடப்பதை அங்கேயே பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

இந்த வகைக் காட்டுக்கே உரியது காயா மரம். திருமாலைக் "காயாம்பூ மேனியன்" என்று பாடுகிறோமே, அந்தக் காயா. பூ கிளை நுனியில் வராது. இலை உதிர்ந்த பழைய கிளையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக, நீலமும் ஊதாவும் கலந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கிராமத்தில் காசான் என்பார்கள். கடற்கரை மாவட்டங்களில் கோயில் காடுகளில் இது தப்பிப் பிழைத்திருக்கிறது.

பரப்பைப் பொறுத்தவரை உங்கள் வருத்தம் நியாயமானது. ஆங்கிலேயர் ஒருவரின் சொத்தாக இருந்த இந்த இடத்தை அரசு 1821-இல் 35,000 ரூபாய்க்கு வாங்கியபோது இருந்த பரப்பில் கணிசமான பகுதி பிறகு ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி., தலைவர்களின் நினைவிடங்கள் என்று பிரிந்துபோனது. இப்போது தேசியப் பூங்காவாக மிஞ்சியிருப்பது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்.

நந்தனம் கல்லூரி மாணவர்: அடையாறு ஆலமரத்தில் தாய் மரம் எது? எங்கு பார்த்தாலும் தண்டாக இருக்கிறது, எது விழுது, எது மரம் என்றே புரியவில்லை.

தாய்த்தண்டு இப்போது இல்லை. 1989-இல் புயற்காற்றில் அது சாய்ந்துவிட்டது. நீங்கள் பார்ப்பவை எல்லாம் விழுதாக இறங்கித் தண்டாக மாறியவை. சாய்ந்த பிறகும் மரம் சாகாததன் காரணமும் இதுவே. ஒவ்வொரு விழுதும் மண்ணில் ஊன்றிய நாளிலிருந்து தனக்குத் தானே தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. தாயிடமிருந்து வருவது நின்றாலும் கிளை பட்டுப்போவதில்லை.

இளம் விழுதை அடையாளம் காண்பது எளிது. கிளையின் அடியிலிருந்து தாடி மயிர் போலத் தொங்கும், நுனி வெளிர் சிவப்பாக மிருதுவாக இருக்கும். அந்த நுனிதான் வளரும் இடம். யாராவது பிடித்து ஊஞ்சலாடினால் முதலில் நசுங்குவதும் அதுதான், நசுங்கிய விழுது தரையைத் தொடாது. தரையைத் தொட்டபின் சில ஆண்டுகளில் கயிறு போல் இருந்தது கம்பம் போல் ஆகிவிடும். மேலே கிளையோடு சேரும் இடத்தில் புடைப்பு இருந்தால் அது விழுது வழி வந்த தண்டு என்று கொள்ளலாம்.

ஆலையும் அரசையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. அரச இலை நுனியில் வால் நீண்டிருக்கும், காற்றில்லாதபோதும் சலசலக்கும். குழப்பம் வருவது இச்சியில். இச்சியிலும் விழுது தொங்கும். ஆனால் இலை ஆலிலையில் பாதிகூட இருக்காது, வழுவழுப்பாக, நரம்பு புடைக்காமல் இருக்கும். ஆலங்காய் சிவப்பாகப் பழுக்கும், கோலிக்குண்டு அளவு, ஜோடி ஜோடியாகக் கிளையோடு ஒட்டியிருக்கும். இச்சிக்காய் பட்டாணி அளவுதான்.

ஆலமரம் நிற்கும் இந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பிரம்மஞான சபை 1882-இல் வாங்கித் தலைமையகத்தை மாற்றியது. இப்போது 250 ஏக்கருக்கும் மேல். ஆலமரத்தோடு திரும்பிவிடாதீர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரமும் உள்ளே இருக்கிறது. பீப்பாய் மாதிரித் தண்டு, பார்த்த உடனே தெரியும். பார்வை நேரம் காலையில் கொஞ்சம், பிற்பகலில் கொஞ்சம் என்று குறைவு. ஞாயிறும் விடுமுறை நாட்களும் இல்லை. கிளம்புமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள். வாகனம் உள்ளே போகாது, நல்ல நடை இருக்கிறது.

பெரம்பூர் ஆசிரியை: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரை அழைத்துப் போகிறோம். சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவதாக இல்லாமல் ஏதாவது செய்ய வைக்க வேண்டும். என்ன செய்யலாம் டீச்சர் மாதிரிச் சொல்லுங்கள்.

சொல்கிறோம் டீச்சர். 6 பேராக 5 குழு. குழுவுக்கு 2 மரம், மொத்தம் 10 மரம், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 40 மரத்தின் பெயரை எழுதிக்கொண்டு வருவதைவிட இரண்டு மரத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வருவது மேல். குழுவுக்கு ஒரு தையல் டேப், ஒரு நேரான குச்சி, 20 மீட்டர் கயிறு, ஒரு நோட்டு. பெரிய மரத்துக்குத் தையல் டேப் எட்டாது, அப்போது கயிற்றைச் சுற்றி, அடையாளம் வைத்து, பிறகு டேப்பில் அளக்கலாம்.

முதலில் சுற்றளவு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். பிள்ளைகளிலேயே ஒருவர் சட்டையில் அந்த உயரத்துக்கு முன்கூட்டியே சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள், அவரே அளவுகோல். டேப் பின்பக்கத்தில் தொய்ந்து சரிவதுதான் வழக்கமான தப்பு. ஒருவர் பின்னால் நின்று மட்டம் பார்க்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து 1.37 எடுக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்தால் இரண்டு தண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். 220 செ.மீ. வந்தால் விட்டம் சுமார் 70.

பிறகு உயரம். குச்சியை நிமிர்த்திப் பிடித்து, கையை நீட்டி, கண்ணிலிருந்து முஷ்டிவரை எவ்வளவு தூரமோ அதே அளவு குச்சி முஷ்டிக்கு மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பார்த்தபடியே பின்னால் நடங்கள். முஷ்டியின் மேல்விளிம்பு மரத்தின் அடியோடும், குச்சி நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம். கை மடங்கினால் கணக்கு போச்சு. மரம் உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் உயரம் கூடுதலாக வரும், பக்கவாட்டில் போய் நின்று அளங்கள். பின்னால் நடக்கும் பிள்ளைக்குப் பின்னே குளமோ படிக்கட்டோ இல்லை என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பள்ளி முத்திரையோடு கடிதம், பிள்ளைகள் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர்கள் பெயர், இவற்றைப் போகும் பூங்காவில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் 'நிழல்' என்ற மரப் பாதுகாப்பு அமைப்பு உருவாக்கிய மரப்பூங்கா இந்த வேலைக்கு ரொம்ப ஏற்றது. நாட்டு மரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வேளச்சேரி வாசகர்: எந்த மாதத்தில் போனால் நல்லது?

நடக்க நல்லது டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. பூ பார்க்கவென்றால் வெயிலைத் தாங்க வேண்டும். இலையில்லாத முள்ளிலவில் செம்பூ ஜனவரி, பிப்ரவரி. பலாசு அதையடுத்து. புங்கன் மார்ச்சில் தளதளவென்று துளிர்க்கும், அந்த இளம்பச்சையைப் பார்க்கவே ஒரு நடை போகலாம். வேம்பு மார்ச், ஏப்ரல். சரக்கொன்றை சித்திரை, வைகாசி. நாவல் பழம் ஆனி, ஆடி. மரமல்லி ஐப்பசி, கார்த்திகையில், விடிகாலையில் தரை வெள்ளையாகக் கிடக்கும். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளிலும் மறுநாளிலும் மரத்தடிக்கே போகாதீர்கள், ஒடிந்த கிளை மேலே தொங்கிக்கொண்டிருக்கும்.

மேடவாக்கம் வாசகி: நன்மங்கலம் பக்கம் போய்விட்டு வந்ததும் இடுப்பைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு. அண்ணனுக்குக் கழுத்தில் கம்பளிப்பூச்சி பட்டு வீங்கிவிட்டது. காட்டுக்கே போகக் கூடாதா?

போகலாம், உடுப்புதான் காரியம். முழுக்கால் பேன்ட், அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிட வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. புல்லில் நேராக உட்காராதீர்கள், தார்ப்பாய் விரியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்ட துணியை உடனே துவைத்துவிடுங்கள். (நன்மங்கலம் காப்புக்காடு, உள்ளே போக வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம்.)

கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மயிர் உள்ளே இறங்கும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், ஒவ்வொரு முறையும் புது டேப். பிறகு சோப்பும் தண்ணீரும், குளிர்ந்த துணி ஒத்தடம். கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். உண்ணி கடித்துத் தொங்கினால் மண்ணெண்ணெயோ தீக்குச்சியோ காட்டாமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

இடுப்புத் தடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புல் பூச்சிகளின் வேலை, ஆடை இறுகும் இடத்தில்தான் கடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதர்க்காட்டுக்குப் போய்வந்த 6 நாளிலிருந்து 3 வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த, வலிக்காத புண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டில் அரிதானதல்ல. தகுந்த ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் குணமாகும், தள்ளிப்போட்டால் நுரையீரல்வரை பாதிக்கும். புண் இல்லாவிட்டாலும் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். டெங்குவா டைபாய்டா என்று அலைவது மிச்சமாகும்.

சைதாப்பேட்டை வாசகர்: மானுக்கு பிஸ்கட், பொரி போடலாமா? குழந்தை ஆசைப்படுகிறாள்.

கூடாது. மான் அசைபோடும் பிராணி. மாவுப் பொருள் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும், புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும். அதைவிட ஆபத்து, பொரி இருந்த பிளாஸ்டிக் பை. உப்பு வாசத்துக்கு அதையும் சேர்த்து விழுங்கிவிடும், பிறகு வெளியே வராது.

மயிலாப்பூர் வாசகி: அம்மாவுக்கு 78 வயது, சக்கர நாற்காலி. மரம், செடி என்றால் உயிர். எங்கே அழைத்துப் போகலாம்?

செம்மொழிப் பூங்கா. கதீட்ரல் சாலையில், பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் உணவகம் இருந்த இடத்தில் 2010-இல் திறந்தது, சுமார் 20 ஏக்கர். நடைபாதை சமதளம். காடு அல்ல, தோட்டம். அலங்காரச் செடிகள்தான் அதிகம் என்பதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் பழைய பெரிய மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அவற்றின் நிழலில் உட்காரலாம். சாயங்காலம் நல்ல கூட்டம், வார நாளில் காலையில் போங்கள்.

கே.கே. நகர் வாசகர்: செல்போன் ஆப்பில் படம் பிடித்தால் ஒரே மரத்துக்கு மூன்று பெயர் சொல்கிறது. தெருவில் நிற்பது கொன்றையா குல்மோகரா?

ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, தூரத்திலிருந்து முழு மரத்தைப் படம் பிடித்தால் பச்சைக் குவியல்தான் பதிவாகும். நான்கு படம் எடுங்கள்: இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை கிளையில் ஒட்டும் இடம், பட்டை. பூவோ காயோ இருந்தால் ஐந்தாவது. இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா என்பது மூன்றாவது படத்தில்தான் தெரியும், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

தமிழ்ப் பெயரிலும் வம்பு உண்டு. "மயில்கொன்றை" என்று சிலர் குல்மோகரைச் சொல்வார்கள், சிலர் வேலியோரக் குட்டைச் செடியை. சரக்கொன்றை தப்பவே தப்பாது: மஞ்சள் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும், காய் கறுத்த உருளைக்கம்பி. குல்மோகரும் மஞ்சள் பூப் பெருங்கொன்றையும்தான் பூ இல்லாதபோது ஏமாற்றும், இரண்டுக்கும் இறகு போன்ற பொடி இலை. காயைத் தேடுங்கள். குல்மோகர் காய் அரை மீட்டர் நீளத்தில் மரப்பட்டாக்கத்தி போல இருக்கும். பெருங்கொன்றைக் காய் விரல் நீளம், தட்டை, துருப்பிடித்த செம்பு நிறம். கும்பலாக மரத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நகரில் அதிகம் சாய்ந்ததும் இந்த மாதிரி வெளிநாட்டு நிழல் மரங்கள்தான். பெரிய கூரை, மென்மையான கட்டை, சிமென்ட் தளத்துக்கு நடுவே வெட்டுப்பட்ட வேர்.

தாம்பரம் வாசகி: பூங்காவில் விழுந்து கிடக்கும் நாவல் கொட்டையை எடுத்துவந்து வளர்க்கலாமா?

தேசியப் பூங்காவிலிருந்தும் காப்புக்காட்டிலிருந்தும் கூடாது. மற்ற பூங்காவில் காவலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். நாவல் கொட்டையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, உலர்ந்தால் உயிர் போய்விடும். சதையைக் கழுவிவிட்டு ஒரு வாரத்துக்குள் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். உயரமான பையாக எடுங்கள், ஆணிவேர் வேகமாக இறங்கும். இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்று வந்தால் பயப்பட வேண்டாம், நாவலுக்கு அது வழக்கம். தடித்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதை இழுத்துப் பிடுங்காமல் கத்தரித்துவிடுங்கள், பிடுங்கினால் விட்ட கன்றின் வேரும் சேர்ந்து வரும்.